பேசிக்கொள்ளாத இரண்டு ஸ்மார்ட் கருவிகளுக்கு நடுவே ஒரு பொய் சுவிட்ச்

எங்கள் வீட்டு வாசல் கதவில் ஒட்டியிருக்கும் சென்சார் ஆப்பிள் ஹோம் செயலியில் மட்டும்தான் வேலை செய்யும். நடையில் இருக்கும் விளக்கைச் செருகியுள்ள வைஃபை பிளக்குக்கோ ஹோம்கிட் (அந்த ஹோம் செயலிக்குப் பின்னால் இருக்கும் ஆப்பிளின் ஸ்மார்ட் வீட்டு முறை) என்றால் என்னவென்றே தெரியாது, அதற்குத் தனி ஆப். ராத்திரி கதவைத் திறந்தால் விளக்கு எரிய வேண்டும், மூன்று நிமிடத்தில் தானாக அணைய வேண்டும், என் ஆசை அவ்வளவுதான். இரண்டில் ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம், ஆனால் மனசு வரவில்லை.

இதற்கு ஒரு வழி உண்டு. முகம் கொடுத்துப் பேசாத பங்காளிகளுக்கு நடுவே சேதி கொண்டுபோகும் சின்னப் பையன் மாதிரி, இரண்டு பக்கமும் அறிந்த ஒரு சுவிட்சை உருவாக்குவது. அது சுவரில் இருக்காது, மென்பொருளுக்குள் மட்டும் இருக்கும், ஆன் ஆஃப் தவிர வேறொன்றும் தெரியாது. விர்ச்சுவல் டிவைஸ் என்கிறார்கள்.

தேவையானவை: ஹோம் அசிஸ்டன்ட் (பல கம்பெனிக் கருவிகளை ஒரே இடத்தில் இணைக்கும் இலவச மென்பொருள்) ஓடும் ஒரு சின்னக் கணினி (என்னிடம் இருப்பது ராஸ்ப்பெரி பை 4), ஐபோன், கூடவே ஹோம்பாட் (ஆப்பிளின் ஸ்பீக்கர்) அல்லது ஆப்பிள் டிவி. கடைசி இரண்டில் ஒன்றாவது இல்லாவிட்டால் ஆப்பிள் பக்கம் சென்சார் ஆட்டோமேஷன் (சென்சார் சொன்னதும் தானாக நடக்கும் வேலை) ஓடாது, முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிளக்கை ஏற்கெனவே ஹோம் அசிஸ்டன்டில் சேர்த்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1. ஹோம் அசிஸ்டன்டில் செட்டிங்ஸ், அதில் டிவைசஸ் அண்ட் சர்வீசஸ், அதில் ஹெல்பர்ஸ். புதிதாக ஒரு ஹெல்பர் உருவாக்கி, வகையாக டாகிள் என்பதைத் தேர்ந்தெடுத்து, "கதவு சேதி" என்று பெயர் வையுங்கள். பொய் சுவிட்ச் தயார்.

படி 2. அதே பக்கத்தில் ஆட் இன்டக்ரேஷன் போய் ஹோம்கிட் பிரிட்ஜைச் சேருங்கள், ஹோம் அசிஸ்டன்டில் இருப்பதை ஆப்பிளுக்குக் காட்டும் பாலம் அது. பக்கத்திலேயே ஹோம்கிட் டிவைஸ் என்று இன்னொன்று இருக்கும், அது நேர் எதிர்த் திசை, ஹோம்கிட் கருவிகளை ஹோம் அசிஸ்டன்டுக்குள் கொண்டுவருவது. நமக்கு பிரிட்ஜ்தான். எவற்றை ஆப்பிளுக்குக் காட்டலாம் என்று கேட்கும்போது டாகிள் வகைக்கு (பட்டியலில் இன்புட் பூலியன் என்று இருக்கலாம்) மட்டும் டிக்கை வைத்துக்கொண்டு மற்ற டிக்குகளை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் உள்ள எல்லாம் ஐபோனில் வந்து கொட்டும். முடிந்ததும் நோட்டிஃபிகேஷனில் ஒரு கியூஆர் கோடு வரும், ஹோம் செயலியில் ஸ்கேன் பண்ணுங்கள். சான்றிதழ் இல்லாத கருவி என்று எச்சரிக்கும், பரவாயில்லை, சேர்த்துவிடுங்கள். நோ ரெஸ்பான்ஸ் என்று வந்தால், போனும் ராஸ்ப்பெரி பையும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றனவா என்று பாருங்கள், பாதிப் பேருக்குப் போன் கெஸ்ட் வைஃபையில் இருக்கும்.

படி 3. ஹோம் செயலியில் புது ஆட்டோமேஷன்: சென்சார் கதவு திறந்ததைக் கண்டால், "கதவு சேதி"யை ஆன் செய். ஆப்பிள் பக்கம் வேலை முடிந்தது.

"பிளக்கையே பிரிட்ஜ் வழியாக ஆப்பிளுக்குக் காட்டிவிடலாமே" என்று கேட்பீர்கள். காட்டலாம், ஒரே ஒரு விளக்கு என்றால் அதுவே போதும். ஆனால் நாளைக்குப் பிளக்கை மாற்றினாலும், கதவு திறந்தால் இன்னும் நாலு வேலை நடக்க வேண்டும் என்றாலும், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் மாற்ற முடிவது எனக்குப் பிடித்திருக்கிறது.

படி 4. நான் சறுக்கிய இடம். ஹோம் அசிஸ்டன்டில் புது ஆட்டோமேஷன். ட்ரிகர், அதாவது அதைக் கிளப்பிவிடுவது, "கதவு சேதி"யின் நிலை ஆஃபிலிருந்து ஆனுக்கு மாறினால். ராத்திரி மட்டும் என்ற நிபந்தனையை அதற்கென்றே இருக்கும் "அண்ட் இஃப்" பகுதியில் போட்டேன். எவருக்கும் அதுதானே தோன்றும்? சாயங்காலம் இருட்டிய பிறகு கதவைத் திறந்தால் விளக்கு எரியவில்லை. சென்சாரின் பேட்டரியைக்கூட மாற்றினேன். விஷயம் என்னவென்றால், பகலில் பால் வாங்கக் கதவைத் திறந்தபோதே பொய் சுவிட்ச் ஆன் ஆகிவிட்டது, நிபந்தனை பொருந்தாததால் அதைத் திரும்ப ஆஃப் செய்யும் வரி ஓடவே இல்லை, ஏற்கெனவே ஆனில் கிடக்கும் சுவிட்சை மறுபடி ஆன் செய்தால் நிலை மாறாது, நிலை மாறாவிட்டால் ட்ரிகரும் இல்லை.

அதனால் "அண்ட் இஃப்" காலியாகவே இருக்கட்டும். செயல்களை இந்த வரிசையில் போடுங்கள்: முதல் வேலையாக "கதவு சேதி"யை ஆஃப் செய். அடுத்து ஒரு நிபந்தனை, சன் என்பதன் நிலை பிலோ ஹொரைசன் (சூரியன் அடிவானத்துக்குக் கீழே) என்று இருந்தால் மட்டும் மேலே போ. (சூரியன் மறைந்த பின் என்ற தயார் நிபந்தனையை மட்டும் போட்டால் நள்ளிரவோடு காலாவதியாகிவிடும், இதில் அந்தச் சிக்கல் இல்லை.) அப்புறம் பிளக் ஆன், மூன்று நிமிடம் காத்திரு, பிளக் ஆஃப்.

படி 5. மேலே மூன்று புள்ளி மெனுவில் மோட் என்று இருக்கும், சிங்கிள் என்பதை ரீஸ்டார்ட் என்று மாற்றுங்கள். சிங்கிளில் விட்டால், இரண்டாவது நிமிடத்தில் ஒருவர் மறுபடி கதவைத் திறந்தாலும் கண்டுகொள்ளாமல், செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே விளக்கை அணைத்துவிடும். ரீஸ்டார்ட் என்றால் மூன்று நிமிடம் புதிதாக எண்ணத் தொடங்கும். சேதியை முதலிலேயே ஆஃப் செய்ததற்கு இது இன்னொரு காரணம், கடைசி வரியில் போட்டால் அந்த மூன்று நிமிடமும் கதவு திறந்த சேதியே வராது.

சோதிக்கும்போது உடனே கதவுக்கு ஓடாதீர்கள். இருட்டிய பிறகு ஐபோனில் "கதவு சேதி"யை விரலால் தட்டுங்கள். விளக்கு எரிந்து, சுவிட்ச் ஒரு கண் சிமிட்டலில் தானே ஆஃபுக்குத் திரும்பினால் படி 4, 5 சரி. எரியாவிட்டால் ஆட்டோமேஷனில் ட்ரேசஸ் திறந்தால் எந்த வரியில் நின்றது என்று படமாகவே காட்டும். தட்டினால் எரிகிறது, கதவைத் திறந்தால் எரியவில்லை என்றால் கோளாறு படி 3-இல், பெரும்பாலும் ஹோம்பாடோ ஆப்பிள் டிவியோ பிளக்கிலிருந்து பிடுங்கப்பட்டுக் கிடக்கும்.