சிங்கப்பூர் ரெஸ்டாரண்ட்ல வைன் லிஸ்ட் கைக்கு வந்தா முழிக்காம இருக்கிறது எப்படி?

சிங்கப்பூர் வந்த புதுசுல ஒரு கல்யாண நாளுக்கு வீட்ல கூட்டிட்டு ஒரு இத்தாலியன் ரெஸ்டாரண்ட் போனேன். மெனுவோட தோல் அட்டை போட்ட கனமான புக்கு ஒண்ணையும் கொண்டாந்து என் முன்னாடி வச்சாங்க, தொறந்தா பக்கம் பக்கமா ஊர் பேரு, குடும்பப் பேரு, வருஷம், ஒரு மண்ணும் புரியல. மானம் போயிடக்கூடாதேன்னு மூணாவது வரியில விரல வச்சு "திஸ் ஒன்"னு சொல்லிட்டேன். லிஸ்ட்ல 88 வெள்ளி (சிங்கப்பூர் டாலர இங்க அப்படித்தான் சொல்வோம்), பில்லுல 105.51. வீட்டுக்கு வந்து போன்ல தேடிப் பாத்தா அதே பாட்டில் கடையில 32 வெள்ளிக்கு கிடைக்குது. அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல, அதுக்கு காரணம் வைன் இல்ல.

நம்ம ஊர்ல பாட்டில திருப்பி எம்ஆர்பி பாத்தே வாங்கிப் பழகினவங்களுக்கு இது ஒரு ஷாக்குதான். ஆனா கொஞ்சம் கணக்கு தெரிஞ்சா போதும், வைன் பத்தி பெரிய ஞானம் எல்லாம் வேணாம்.

ஸ்டெப் 1: லிஸ்ட்ட வீட்லயே படிச்சிடுங்க

இங்க நிறைய ரெஸ்டாரண்ட்டுங்க வைன் லிஸ்ட்ட வெப்சைட்லயே போட்டிருக்காங்க. டேபிள் புக் பண்றப்பவே ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கி பாத்துடுங்க. சர்வர் தலைக்கு மேல நிக்கிறப்ப, எதிர்ல ஆபீஸ் பாஸ் உக்காந்திருக்கிறப்ப எல்லாம் யாருக்கும் கணக்கு வராது.

ஸ்டெப் 2: ப்ளஸ் ப்ளஸ்

விலைக்குப் பக்கத்துல ++ன்னு இருந்தா 10% சர்வீஸ் சார்ஜ், அதுக்கு மேல 9% ஜிஎஸ்டி. ரெண்டையும் கூட்டி 19%ன்னு நினைக்காதீங்க, ஜிஎஸ்டி சர்வீஸ் சார்ஜ் மேலயும் சேத்துதான் விழும், அதனால 100 வெள்ளி பாட்டில் 119.90 ஆகும். நான் எல்லா விலையையும் 1.2ஆல பெருக்கிட்டுதான் லிஸ்ட்டயே படிப்பேன்.

ஸ்டெப் 3: வரி எங்க ஒளிஞ்சிருக்குன்னு புரிஞ்சுக்கோங்க

இதுதான் எனக்கு ரொம்ப புடிச்ச பகுதி, கொஞ்சம் பொறுமையா படிங்க. சிங்கப்பூர்ல வைனுக்கு எக்சைஸ் வரி பாட்டில் விலையப் பாத்து போடறதில்ல, உள்ள இருக்கிற ஆல்கஹால் அளவப் பாத்து போடறாங்க, சுத்த ஆல்கஹால் ஒரு லிட்டருக்கு 88 வெள்ளி. 750 மில்லி பாட்டில், 13% ஆல்கஹால்னா வரி 8.58 வெள்ளி. அது சாதா வைனா இருந்தாலும் அதே 8.58தான், ராஜா குடிக்கிற வைனா இருந்தாலும் அதே 8.58தான்.

இப்ப கடையில 20 வெள்ளிக்கு ஒரு பாட்டில் எடுங்க. ஜிஎஸ்டியும் இந்த வரியும் போக மிச்சம் பத்து வெள்ளி கூட இல்ல, 9.77தான். அந்தக் காசுலதான் திராட்சை, பாட்டில், கப்பல் கூலி, கடைக்காரர் லாபம் எல்லாமே. அதே கணக்க 40 வெள்ளி பாட்டிலுக்கு போட்டா மிச்சம் 28.12. அதாவது விலை ரெண்டு மடங்குதான் ஏறுது, உள்ள இருக்கிற சரக்குக்குப் போற காசு கிட்டத்தட்ட மூணு மடங்கு ஏறுது. அதனால சிங்கப்பூர்ல லிஸ்ட்லயே சீப்பான பாட்டில வாங்கறது மிச்சம் மாதிரி தெரியும், ஆனா நீங்க முக்கால்வாசி வரியையும் வாடகையையும்தான் குடிக்கிறீங்க. ரெண்டு படி மேல ஏறிப் பாருங்க.

"ரெண்டாவது சீப்பான பாட்டில்லதான் ரெஸ்டாரண்ட் ஏமாத்தும்"னு ஒரு பேச்சு ரொம்ப நாளா ஓடுது. லண்டன் ரெஸ்டாரண்ட்டுகள வச்சு 2021ல வந்த ஒரு ஆய்வு அதுல உண்மை இல்லைன்னு காட்டுச்சு, லாபம் அதிகமா இருந்தது லிஸ்ட்டோட நடுப்பகுதியிலயாம். அது லண்டன் கணக்கு, ஆனா நடுவுல இருக்கிற பேர் தெரிஞ்ச பிராண்டுகள கண்ண மூடிட்டு எடுக்காதீங்க.

ஸ்டெப் 4: எத்தன மடங்குன்னு பாருங்க

விவினோ ஆப்ல இல்லன்னா வைன் சர்ச்சர் வெப்சைட்ல பேரப் போட்டு சிங்கப்பூர் கடை விலைய எடுங்க. என்னோட 32 வெள்ளி பாட்டிலுக்கு நான் குடுத்தது 3.3 மடங்கு. அதையே 68++ன்னு போட்டிருந்தா 81.53, ரெண்டரை மடங்கு, அது இந்த ஊர் வாடகைக்கு நியாயம்னு விட்டுடலாம். என் கோடு மூணு மடங்கு, அதத் தாண்டினா வேற பாட்டில் பாப்பேன். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, ரெஸ்டாரண்ட்காரங்க கடை விலைக்கு வாங்கறதில்ல, சப்ளையர்கிட்ட அதவிட கம்மியாதான் வாங்குவாங்க.

எல்லா பாட்டிலையும் தேட யாருக்கு நேரம் இருக்கு? நான் ஒரே ஒரு பாட்டில அளவுகோலா வச்சிருக்கேன். நியூசிலாந்து வெள்ளை வைன் கிளவுடி பே சாவிஞான் பிளாங்க் இங்க நிறைய லிஸ்ட்ல இருக்கும். கிளப் ஸ்ட்ரீட், கியோங் சைக், டெம்ப்ஸின்னு எங்க போனாலும் மொதல்ல அந்த வரியத் தேடுவேன், அது எந்தக் கடையில எவ்வளவுன்னு போன்ல குறிச்சு வச்சிருக்கேன். அத வாங்கறதில்ல, அது தெர்மாமீட்டர் மாதிரி, கடையோட சூட்ட காட்டிடும். ஷாம்பெயின்ல வவ் கிளிக்கோ பிராண்ட வச்சும் பண்ணலாம்.

ஸ்டெப் 5: லிஸ்ட் எழுதினவருக்கு அக்கறை இருக்கான்னு பாருங்க

ஒரு வரியில தயாரிப்பாளர் பேரு, ஊரு, வருஷம் மூணும் இருக்கணும். வெறும் "ஷார்டனே, பிரான்ஸ், 75"ன்னு இருந்தா அது லிஸ்ட் இல்ல, ரசீது. வருஷம் போட்டிருந்தா அத நம்பி விட்டுடவும் கூடாது, ஒரு தடவ லிஸ்ட்ல 2018, கையில கொண்டு வந்தது 2021. பாட்டில தொறக்கறதுக்கு முன்னாடி லேபிள நம்மகிட்ட காட்டறதே இதுக்குத்தான், நான் அது வரைக்கும் ஏதோ மரியாதைன்னு நினைச்சு தலையாட்டிட்டு இருந்தேன்.

பக்கம் நிறைய இருந்தா நல்ல லிஸ்ட்னு இல்ல. சாப்பாட்டுக்குப் பொருந்துதான்னு பாருங்க. மீனும் காரமும் போடற கடையில கனமான ரெட் மட்டும் 40 இருந்து ரீஸ்லிங் மாதிரி ஒரு வெள்ளை வைன் கூட இல்லன்னா, சப்ளையர் வந்து தள்ளிட்டுப் போனதுன்னு அர்த்தம். போர்த்துகல் வைன், தென்னாப்பிரிக்கா ஷெனின், பிரான்ஸ் லுவார் பக்கத்து மஸ்கடே (ரெண்டும் வெள்ளை வைன்), இதெல்லாம் ஒண்ணு ரெண்டு இருந்தா யாரோ உக்காந்து யோசிச்சிருக்காங்க. பேரு வாயில நுழையாததால ஜனங்க தொட மாட்டாங்க, அதனாலயே அங்கதான் பெரும்பாலும் காசுக்கு நல்லது கிடைக்கும். விலை எகிர்ற பிரெஞ்சு பர்கண்டி வைன் பக்கம் வேற யாராவது பில் கட்டறப்ப போய்க்கலாம்.

கிளாஸா, பாட்டிலா?

கிளாஸ் 18, பாட்டில் 78னு வச்சுக்கோங்க. 150 மில்லி ஊத்தினா பாட்டிலுக்கு அஞ்சு கிளாஸ், 90 வெள்ளி. 125 மில்லினா ஆறு, 108 வெள்ளி. "எத்தன மில்லி?"ன்னு கேக்க வெக்கப்படாதீங்க. அதவிட முக்கியமான கேள்வி "எப்ப தொறந்தது?" நேத்துன்னா பரவால்ல, பதில் சொல்லாம உள்ள போய் விசாரிச்சிட்டு வந்தா பீர் சொல்லிடுங்க. ரெண்டு பேரும் சேந்து மூணு கிளாஸுக்கு மேல குடிப்பீங்கன்னா பாட்டில் பக்கம் சாயறது நல்லது.

சூடு

இந்த ஊர் வெயில்ல இது தனி பிரச்சனை. ரெட் வைன "ரூம் டெம்பரேச்சர்"ல குடிக்கணும்னு சொன்னது ஐரோப்பாக்காரங்க, அவங்க ரூம் 18 டிகிரி, நம்ம கடைத்தெரு ரூம் 30. பாட்டில்கள கிச்சன் பக்கத்து அலமாரியில அழகுக்கு அடுக்கி வச்சிருந்தா அந்தக் கடையில காஸ்ட்லியா எதுவும் வாங்காதீங்க. ரெட் வெதுவெதுன்னு வந்தா தயங்காம ஐஸ் பக்கெட் கேளுங்க, பத்து நிமிஷம் வச்சு எடுத்தா ஆளே மாறிடும். மோந்து பாத்தா நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசம் அடிச்சா அது கெட்ட கார்க், திருப்பி அனுப்பலாம். புடிக்கலைன்னு திருப்ப முடியாது, அது வேற.

கார்க்கேஜ்

லிஸ்ட் மோசம், சாப்பாடு அருமைன்னா போன் பண்ணி கார்க்கேஜ், அதாவது நம்ம பாட்டில நாமளே கொண்டு போனா தொறந்து ஊத்தறதுக்கு அவங்க வாங்கற காசு, எவ்வளவுன்னு கேளுங்க. 35++ன்னா 41.97. கடையில 45 வெள்ளி பாட்டில் வாங்கிட்டுப் போனா மொத்தம் 87 வெள்ளி கிட்ட, அதே தரம் லிஸ்ட்ல 110++, அதாவது 131.89. லிஸ்ட்ல இருக்கிற பாட்டிலையே கொண்டு போகாதீங்க, சில இடத்துல தொறக்கவே மாட்டாங்க.

ஆர்டர் பண்றப்ப

பட்ஜெட்ட வாயால சொல்ல சங்கடமா இருந்தா லிஸ்ட்ல 75ன்னு இருக்கிற விலை மேல விரல வச்சு "இந்த மாதிரி ஏதாவது சொல்லுங்க"ன்னு கேளுங்க. பேர நீங்க காட்டலன்னு அவங்களுக்குப் புரியும், எதிர்ல இருக்கிறவங்களுக்குப் புரியாது. நல்ல ஆளா இருந்தா அதே விலையிலயோ கம்மியிலயோ ஒண்ணு சொல்லுவார், உடனே 120க்கு ஏத்தினார்னா நன்றி சொல்லிட்டு நீங்க வீட்ல பாத்து வச்சிருந்தத சொல்லிடுங்க.

பாட்டில்ல மிச்சம் இருந்தா மூடித் தரச் சொல்லி எடுத்துட்டு வாங்க, 120 வெள்ளி குடுத்தத டேபிள்ல விட்டுட்டு வராதீங்க. வர்ற வழியில வாய்ட் டெக்ல (அடுக்குமாடி பிளாக்குக்குக் கீழ இருக்கிற திறந்த தளம்) உக்காந்து தொறந்துடாதீங்க, ராத்திரி 10.30க்கு மேல பொது இடத்துல குடிக்கிறது இங்க குத்தம். ஃப்ரிட்ஜ்ல வச்சா மறுநாள் மீன் குழம்புக்கு ஆகும்.