ஏசி ஓடுகிறது, காற்று வரவில்லை: கேஸ் போடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

வெளி யூனிட் ஓடுகிறது, உள் யூனிட்டில் 24 என்று எரிகிறது, ஆனால் கை வைத்துப் பார்த்தால் காற்றே இல்லை. ஸ்பிலிட் ஏசியை இந்த நிலையில் ஒரு நிமிடம்கூட ஓட விடாதீர்கள். உள் யூனிட்டில் குளிரும் குழாய்ச் சுருளான காயிலின் மேல் காற்று போகாவிட்டால், அதற்குள் ஓடும் குளிர்பதன கேஸ் ஆவியாகாமல் திரவமாகவே வெளி யூனிட்டில் உள்ள கம்ப்ரஸருக்குத் திரும்பும். கம்ப்ரஸர் திரவத்தை அழுத்தச் செய்ததல்ல. வால்வும் பேரிங்கும் அடிவாங்கும்.

நிறுத்திவிட்டு ரிமோட்டில் ஃபேன் மோடுக்கு மாற்றி, வேகத்தை முழுதாக வையுங்கள். இப்போது கம்ப்ரஸர் ஓடாது, உள் யூனிட்டில் காற்றைத் தள்ளும் உருளை ஃபேனான ப்ளோயர் மட்டும்தான். காற்று நன்றாக வந்தால் மோட்டார் நல்ல நிலையில் இருக்கிறது. டிரை மோடில் விட்டிருந்தால் காற்று மெதுவாகத்தான் வரும், அது பழுதல்ல. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் அறையைச் சூடாக்கவும் செய்யும் ஹாட் அண்ட் கோல்ட் ஏசி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஹீட் மோடில் காயில் சூடாகும்வரை ஃபேன் சுற்றாது. வெளி யூனிட் தன் மேல் படிந்த பனியை உருக்கும்போதும் உள் ஃபேன் நின்றுவிடும். பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

காற்று வருகிறது, ஆனால் பலவீனமாக வருகிறது என்றால் முன்மூடியைத் தூக்கி ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். பின்னால் காயில் வெள்ளையாக உறைந்திருக்கிறதா? ஃபேன் மோடிலேயே இரண்டு மூன்று மணி நேரம் ஓட விட்டால் உருகிவிடும். தண்ணீர் வழியும் என்பதால் கீழே ஒரு பழைய துணி விரித்துவிடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டவே கூடாது. குழாயில் ஒரு பொட்டு ஓட்டை விழுந்தால் கேஸ் மொத்தமும் போய்விடும். இப்போதைய பல ஏசிகளில் உள்ள ஆர்32 என்ற வகை கேஸ் லேசாகத் தீப்பற்றவும் கூடியது.

ஃபில்டர் சுத்தமாக இருந்தும் காற்று குறைகிறதா? மின்சாரத்தை நிறுத்திவிட்டு, காற்று வரும் வாயில் டார்ச் அடித்து ப்ளோயரைப் பாருங்கள். உருளை முழுவதும் விரல் நகம் போல் வளைந்த சிறு பிளேடுகள் இருக்கும். அந்தக் குழிவுக்குள் சாம்பல் நிறத்தில் கம்பளி போல அழுக்கு நிரம்பியிருந்தால் பிளேடு காற்றை அள்ளவே முடியாது. மோட்டார் முழு வேகத்தில் சுற்றினாலும் பயனில்லை. கொசுவர்த்தி, சாம்பிராணி, தாளிப்புப் புகை எல்லாம் ஃபில்டர் வலையைத் தாண்டிப் போய் இங்கேதான் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவும் ஜெட் வாஷ் செய்பவரிடம் காயிலோடு ப்ளோயரையும் கழுவச் சொல்லுங்கள். பெரும்பாலான மாடல்களில் மோட்டாரும், ஏசியை இயக்கும் மின்னணு போர்டும் வலது பக்கம் இருக்கும். அங்கே தண்ணீர் படாமல் மூடிய பிறகே தொடங்க வேண்டும்.

ஃபில்டர், ப்ளோயர் இரண்டும் சுத்தமாகி, அரை மணி, ஒரு மணிக்குள் மறுபடி உறைந்தால், அப்போதுதான் கேஸைச் சந்தேகிக்க வேண்டும். மூடிய குழாய்க்குள் சுற்றும் கேஸ் தேய்ந்து தீர்வதில்லை. குறைந்திருந்தால் கசிவு உண்டு என்று பொருள். சோப்பு நுரை வைத்து, குழாய்களை இணைக்கும் ஃபிளேர் நட்களில் கசிவைத் தேடி, சரிசெய்து, குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி (வேக்யூம்) எடுத்து, பெயர்ப்பலகையில் உள்ள எடைப்படி நிரப்புவதே முறை. கசிவைத் தேடாமல் வருடா வருடம் நிரப்புவது வீண் செலவு.

ப்ளோயர் சுற்றவே இல்லையா? விளக்கு சிமிட்டினால் எத்தனை முறை என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். மின்சாரத்தை நிறுத்தினால் பல மாடல்களில் அது அழிந்துவிடும். ரிமோட்டில் ஆஃப் செய்தாலும் போர்டில் 230 வோல்ட் இருக்கும். ஏசிக்கான எம்சிபியை (மெயின் பெட்டியில் உள்ள சுவிட்ச்) இறக்கி, பத்து நிமிடம் கழித்து, பென்சிலால் ப்ளோயரை நகர்த்திப் பாருங்கள். இறுகியிருந்தால் ப்ளோயரின் இடதுமுனையைத் தாங்கும் புஷ் காய்ந்திருக்கும், அதை மாற்ற வேண்டும். மோட்டார் ஓடும் சத்தம் கேட்டும் ப்ளோயர் சும்மா நின்றால், இரண்டையும் பிணைக்கும் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும்.

இதற்குமேல் மெக்கானிக் வேலை. பழைய மாடலில் மோட்டார் முனகிக்கொண்டு நின்றால், அது சுற்றத் தொடங்க உதவும் கப்பாசிட்டரைப் பார்க்க வேண்டும்: 1.5 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருப்பது 1.3க்குக் கீழே காட்டினால் மாற்றிவிடலாம். இன்வர்ட்டர் ஏசியில் பெரும்பாலும் ஐந்து ஒயர் கொண்ட பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி) மோட்டார். கறுப்பை வைத்து அளந்தால் சிவப்பில் சுமார் 310 வோல்ட் டிசி, வெள்ளையில் 15 வோல்ட், மஞ்சளில் வேகத்துக்கேற்ப மாறும் சில வோல்ட் இருக்க வேண்டும். மூன்றும் இருந்தும் சுற்றாவிட்டால் மோட்டார் பழுது. இல்லாவிட்டால் போர்டு பக்கம் தேட வேண்டும். சில வினாடி சுற்றி நின்றுவிட்டால் வேகத்தைத் திருப்பிச் சொல்லும் நீல ஒயரின் சிக்னல் வரவில்லை. மின்சாரம் இருக்கும்போது இந்தக் கனெக்டரைப் பிடுங்கினாலோ செருகினாலோ மோட்டாரும் போர்டும் சேர்ந்தே போகலாம்.

வேலை முடிந்ததும் கூலிங் மோடில் 15 நிமிடம் ஓட்டி, உள்ளே போகும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் தெர்மாமீட்டரால் அளந்துவிடுங்கள். வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி என்றால் சரி. 15ஐத் தாண்டினால் சில்லென்று இருக்கிறதே என்று திருப்திப்பட வேண்டாம். காற்று இன்னும் குறைவாகத்தான் போகிறது.