ஊதா கோன்ஃபிளவர்: தேனீக்கும் பறவைக்கும் உணவாகும்படி வளர்க்கும் முறை

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலும் நடுப்பகுதியிலும், வடக்கே மிச்சிகன், ஒஹாயோ முதல் தெற்கே லூசியானா, ஜார்ஜியா வரை, புல்வெளிகளிலும் காட்டோரங்களிலும் இயல்பாக வளரும் ஊதா கோன்ஃபிளவர், சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுச் செடியாகும். தாவரவியலில் இதற்கு எக்கினேசியா பர்ப்பூரியா என்று பெயர். பனிக்காலத்தில் தரைக்கு மேலே உள்ளதெல்லாம் காய்ந்துவிட்டாலும் வேர் உயிரோடிருந்து வசந்தத்தில் மீண்டும் துளிர்க்கும். இரண்டு முதல் நான்கு அடி வரை உயர்ந்து, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பூக்கும். பார்வைக்கு மட்டும் வளர்ப்பவர்கள் எந்த ரகத்தையும் வாங்கலாம். தோட்டத்துக்கு வரும் உயிர்கள் பசியாற வேண்டும் என்று விரும்புபவர்கள், செடி வாங்கும்போதும் கத்தரிக்கும்போதும் சற்று யோசித்தே முடிவெடுக்க வேண்டும்.

ஏனென்று அறிய ஒரு பூவை அருகில் சென்று பார்க்க வேண்டும். சுற்றிலும் தாழ்ந்திருக்கும் இளஞ்சிவப்பு இதழ்களில் விதை பிடிப்பதில்லை. நடுவிலுள்ள ஆரஞ்சு நிறக் கூம்பில்தான் நூற்றுக்கணக்கான சிறு பூக்கள், விறைத்த முள் போன்ற செதில்களுக்கிடையே நெருங்கி அமைந்துள்ளன. அவை ஒரே நாளில் மலர்வதில்லை. அடிவட்டத்தில் தொடங்கி உச்சியை நோக்கிச் சிறிது சிறிதாக மலர்ந்துகொண்டே போகின்றன. அன்று மலர்ந்தவை எவை என்பதை மகரந்தத்தின் மஞ்சள் வளையமே காட்டிவிடும். பம்பிள் தேனீ ஒன்று கூம்பின் மேல் வளையமிட்டு நடந்து, அந்த வரிசையை மட்டும் விடாமல் துழாவித் தேன் குடிப்பதைக் கோடைக் காலையில் நின்று பார்க்கலாம். ஒரு பூவே பல நாள் விருந்தாவது இதனால்தான்.

இந்தக் கூம்பு மறைந்துவிட்டால் விருந்தும் இல்லை. நர்சரிகளில் அழகாக அடுக்கி வைத்திருக்கும் அடுக்கிதழ் ரகங்களில் நடுப்பூக்கள் இதழ்களாக மாறியிருப்பதால், தேனீக்கு அங்கே கிடைப்பது மிகக் குறைவு. டெலவேர் மாநிலத்திலுள்ள மவுண்ட் கியூபா மையம் என்னும் தாவரவியல் தோட்டம் பல ரகங்களை அருகருகே நட்டுச் சோதித்தபோதும், அடுக்கிதழ் ரகங்களைத் தேடி வந்த பூச்சிகள் குறைவாகவே இருந்தன. ஆகவே கலப்பில்லாத இயற்கை இனத்தையே முதலில் தேடுங்கள் என்பேன். அது கிடைக்காவிட்டால், 1998ஆம் ஆண்டின் சிறந்த பல்லாண்டுச் செடியாக அமெரிக்காவில் தேர்ந்தெடுக்கப்பட்ட மேக்னஸ் போன்ற ஒற்றையிதழ் ரகம் போதும். நியோனிகோட்டினாய்டு வகைப் பூச்சிக்கொல்லி இடாத செடியா என்று கடையில் கேட்டுக்கொள்வதும் அவசியம். அந்த நஞ்சு செடிக்குள்ளேயே பரவி மகரந்தத்துக்கும் தேனுக்கும் வந்து சேரும்.

காட்டில் இருப்பதைத் தோண்டி எடுத்து வரக் கூடாது. இதன் உறவினமான டென்னசி கோன்ஃபிளவர் 1979இல் அருகிவரும் இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டு, நீண்ட பாதுகாப்புக்குப் பிறகு 2011இல்தான் அதிலிருந்து நீக்கப்பட்டது.

நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் விழும் இடமே இதற்குப் பொருத்தம். களிமண்ணையும் தாங்கும், ஆனால் பனிக்காலத்தில் நீர் தேங்கினால் தண்டும் வேரும் சேரும் அடிப்பகுதி அழுகிவிடும் என்பதால், வடிகால் இல்லாத இடத்தில் மண்ணைச் சற்று மேடாக்கி நட வேண்டும். செடிக்குச் செடி ஒன்றரை முதல் இரண்டு அடி இடைவெளி விடுங்கள். உரத்தை அள்ளிப் போட்டால் தண்டு கொழுத்து நீண்டு சாய்ந்துவிடும்; வசந்தத்தில் மெல்லிய அளவு கம்போஸ்ட் போதுமானது. நட்ட முதல் கோடையில் மண் காயாமல் நீர் பாய்ச்சினால், பிறகு வறட்சியைத் தானே சமாளித்துக்கொள்ளும்.

விதையிலிருந்து வளர்ப்பவர்கள் நவம்பரில் வெளியே தூவி மெல்லிய மண் மூடிவிடலாம். பனியின் குளிரே விதையின் உறக்கத்தைக் கலைக்கும். வசந்தத்தில் விதைப்பதானால், ஈர மணலில் கலந்து பையிலிட்டு ஒரு மாதம் ஃபிரிட்ஜில் வைத்தெடுத்து விதைத்தால் முளைப்பு சீராக இருக்கும். முதலாண்டில் பெரும்பாலும் சொரசொரப்பான இலைக்கொத்து மட்டுமே தெரியும். பூக்கவில்லையே என்று பிடுங்கிவிடாதீர்கள், இரண்டாம் ஆண்டில் பூக்கும். இளங்கன்றுகளை முயல் கடித்துவிடும் பகுதிகளில் கம்பிவலை கட்டுவது நல்லது.

இலையில் ஓட்டை கண்டதும் மருந்து தெளிக்க வேண்டாம். சில்வரி செக்கர்ஸ்பாட் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் இந்த இலையைத் தின்றே வளர்கின்றன. செடி அதைத் தாங்கும். பூ முழுவதும் பச்சையாகித் திருகி, கூம்பிலிருந்து இலை போன்ற குச்சங்கள் கிளம்பினால் மட்டும் கவலைப்பட வேண்டும். அது இலைத்தத்துப்பூச்சி பரப்பும் ஆஸ்டர் மஞ்சள் நோய்; அதற்கு மருந்து கிடையாது. அந்தச் செடியை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்தினால்தான் மற்றவை தப்பும். நிறம் மாறாமல், கூம்பின் ஒரு பகுதியில் மட்டும் சிறு குஞ்சம் போல முளைத்திருந்தால் அது பெரும்பாலும் எரியோஃபையிட் என்னும் மிகச் சிறிய நுண்சிலந்தி இனத்தின் வேலை; அந்தப் பூவை மட்டும் வெட்டி எறிந்தால் போதும்.

வாடிய பூக்களை வெட்டினால் புதிய மொட்டுகள் வரும் என்பது உண்மையே. ஆனால் ஆகஸ்ட் நடுப்பகுதியோடு அந்தக் கத்தரிப்பை நிறுத்திவிடுங்கள். அதன்பின் கருத்துக் காய்ந்த கூம்புகளில் விதை முற்றும். மஞ்சள் நிறச் சிட்டான கோல்டுஃபின்ச் தண்டிலேயே தொற்றிக்கொண்டு செதில்களைப் பிரித்து விதையைக் கொத்தித் தின்னும். இலையுதிர் காலத்தில் தோட்டத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று காய்ந்த தண்டுகளை அடியோடு வெட்டுவதுதான் இந்தச் செடிக்குப் பலரும் செய்யும் பெரிய அநீதி. வசந்தத்தின் தொடக்கம் வரை அவை நிற்கட்டும். அப்போதும் ஓரடி, ஒன்றரை அடி விட்டே வெட்டுங்கள். சில தனித்தேனீக்கள் அந்தத் தண்டின் உள்ளே முட்டையிடும். சுற்றிலும் தானாக முளைத்திருக்கும் கன்றுகள் கூட்டமாக இருந்தால், நான்கைந்து இலை விட்டதும் மண்ணோடு பெயர்த்து, வெயில் தாழ்ந்த நேரத்தில் வேறிடத்தில் நட்டு நீர் ஊற்றிவிடலாம்.