தொளதொள பூட்ஸும் மெலிந்த கால்களும்: தையலைப் பிரிப்பதற்கு முன்

டொரன்டோவில் நவம்பர் பிறந்துவிட்டால் எங்கள் பழுதுபார்க்கும் மேசையில் முழங்கால் உயர பூட்ஸ்கள் சேரத் தொடங்கும். பாதத்துக்குக் கச்சிதமாக இருக்கும், கெண்டைக்காலில் மட்டும் தொளதொளவென்று ஆடும். பாதத்தின் அளவு பார்த்துத்தான் பூட்ஸ் வாங்குகிறோம். பெண்களுக்கான உயர பூட்ஸ்களில் மேல் குழலின் சுற்றளவு 36 முதல் 38 செ.மீ. வரை இருப்பது சாதாரணம். மெலிந்த காலோ 31, 32 செ.மீ.யில் நின்றுவிடும். அந்த இடைவெளியைத் தாங்களே தைத்துக் குறைக்கக் கற்க வருகிறவர்கள், ஒரு காலத்தில் நான் விழுந்த அதே குழிகளில் வரிசையாக விழுகிறார்கள். ஊசி உடைவதையும் நூல் சிக்குவதையும் இங்கே விட்டுவிடுகிறேன். யாரும் சொல்லாமலே அவை இரண்டு நாளில் பிடிபட்டுவிடும்.

காலையில், வெறுங்காலில் அளப்பது

மாலைக்குள் கால் சற்றே வீங்கும். ஜீன்ஸை உள்ளே செருகி அணிபவர் ஜீன்ஸோடு அளக்க வேண்டும், கம்பளிக் காலுறை போடுபவர் அதோடு. நின்று ஒருமுறை, உட்கார்ந்து முழங்காலை மடக்கி ஒருமுறை அளந்து, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் இரண்டு செ.மீ. விடுங்கள்.

வெந்நீரும் ஹேர் டிரையரும்

நனைத்துச் சூடு காட்டினால் தோல் சுருங்கிக் காலோடு ஒட்டிக்கொள்ளும் என்று யாரோ வீடியோவில் சொல்லிவிட்டார்கள். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் வேலை தெரிந்தவர் எவரும் இதைக் கேட்டால் சிரிப்பார். குரோம் முறையில் பதனிட்ட தோலில் ஒரு துண்டை வெட்டிக் கொதிக்கும் நீரில் போட்டுப் பார்ப்பது அங்கே அன்றாடச் சோதனை. சுருங்காவிட்டால்தான் பதம் சரி என்று பொருள். இன்று கடைகளில் விற்கும் தோல் பூட்ஸ்களில் பெரும்பாலானவை குரோம் தோலில் செய்தவை. கொதிநீருக்கே அசையாத தோல் உங்கள் ஹேர் டிரையருக்கு எப்படிச் சுருங்கும்? பசை இளகும், குதிகாலை விறைப்பாக வைத்திருக்கும் உள் அட்டை கோணும், தோலின் எண்ணெய்ப் பசை வற்றி வெடிப்பு விழும். தளர்வு மட்டும் அப்படியே இருக்கும்.

கணுக்காலையும் சேர்த்துப் பிடிப்பது

இந்தத் தவறைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. மேசையில் நிற்கும்போது இது தவறாகவே தெரியாது, பார்ப்பவர்கள் பாராட்டிவிட்டுப் போவார்கள்.

ஜிப் இல்லாத, இழுத்து மாட்டும் பூட்ஸை எடுத்துக்கொள்வோம். கணுக்காலை டேப்பால் அளந்தால் 22 செ.மீ. பூட்ஸில் அதே இடம் 33 செ.மீ. பதினோரு செ.மீ. சும்மா தொங்குகிறதே என்று கை துறுதுறுக்கும். ஆனால் கால் உள்ளே போவது அந்த வழியாகத்தான். போகும்போது அங்கே குதிகாலும் புறங்காலும் சேர்ந்து நுழைந்தாக வேண்டும். குதிகாலின் அடிமுனையில் டேப்பை வைத்து, பாதம் காலோடு மடங்கும் வளைவைச் சாய்வாகச் சுற்றி அளந்து பாருங்கள். வளர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு 30 செ.மீ.யைத் தொடும் அல்லது தாண்டும். கால் எவ்வளவு மெலிந்தாலும் இந்த அளவு அவ்வளவாகக் குறையாது, ஏனென்றால் இது எலும்பின் அளவு.

பயிற்சிக்கு வந்த ஒரு பெண்ணுக்குக் கை சுத்தம், தையல் நூல் பிடித்த மாதிரி விழும். தன் தங்கையின் கறுப்புத் தோல் பூட்ஸை உச்சியிலிருந்து கணுக்கால் வரை ஒரே சீராகப் பிடித்து, கீழே 26 செ.மீ.க்குக் கொண்டுவந்துவிட்டாள். லைனிங்கை மூடித் தைத்து, மிஞ்சிய தோலையும் நறுக்கிப் போட்டாயிற்று. தங்கை வந்து காலை விட்டாள். குழலின் கீழ்ப்பாதியில் குதிகால் நின்றுவிட்டது. எழுந்து நின்று அழுத்தினாள். “அக்கா, கழற்றவும் வரவில்லை” என்றாள். பவுடரைக் கொட்டி இரண்டு பேர் இழுத்ததில் கால் வெளியே வந்தது, லைனிங்கும் கூடவே கிழிந்து வந்தது. நறுக்கிய தோலை மறுபடி ஒட்ட முடியாது. பின்தையலைப் பிரித்து முழுநீள ஜிப் வைப்பதுதான் மிச்சமிருந்த வழி. அதற்கான கூலி புது பூட்ஸ் விலையைத் தொட்டது.

பத்து நிமிடத்தில் இதைத் தவிர்த்திருக்கலாம். நீங்கள் குறைக்க நினைக்கும் சுற்றளவில் ஒரு காகிதப் பட்டையை வளையமாக ஒட்டுங்கள். காலுறை போட்ட பாதத்தை அதில் நுழையுங்கள். வளையம் கிழிந்தால் அந்த அளவைக் கைவிடுங்கள். பிடிப்பு கெண்டைக்காலில் ஆழமாக இருந்து, கீழே வரவரக் குறைந்து, கணுக்காலுக்கு நான்கு விரல் மேலேயே முடிந்துவிட வேண்டும். அதற்குக் கீழே புதுத் தையல் துளைகள் விழுந்தால் இன்னொரு வம்பும் உண்டு: உப்புக் கரைந்த பனிச்சேறு அவற்றின் வழியே உள்ளே கசியும்.

ஜிப் இருக்கிறதே என்று தைரியம் கொள்ளாதீர்கள். ஜிப் கணுக்காலைத் தாண்டிக் கீழே இறங்கினால் கவலையில்லை. பாதிக் குழலிலேயே நின்றுவிடும் ஜிப் என்றால் மேலே சொன்ன அத்தனையும் பொருந்தும். வெட்டுவதோ கடைசி வேலை. நீளமான தையலில் தற்காலிகமாகப் பிடித்து, போட்டு நடந்து, படி ஏறி இறங்கிப் பார்த்த பிறகே கத்தரியைத் தொடுங்கள்.

இரட்டிப்பாகக் குறைப்பது

நான்கு செ.மீ. குறைய வேண்டுமென்றால் தையலின் இருபுறமும் இரண்டிரண்டு செ.மீ. இருபுறமும் நான்கு எடுத்து, மொத்தம் எட்டைக் குறைத்துவிட்டு விழிப்பவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் வருகிறார்கள்.

குண்டூசி குத்துவது

வேண்டாம். தோலில் விழுந்த துளை மூடாது. கிளிப் போடுங்கள்.

நெருக்கமான தையல்

துணித் தையல் பழகிய கை சிறுசிறு தையலைத்தான் உறுதி என்று நம்பும். தோலில் அது தபால்தலை ஓரம் மாதிரி, இழுத்தால் வரிசையாகக் கிழியும். ஒரு தையல் 3 முதல் 4 மில்லிமீட்டர் நீளம் இருக்கட்டும். தோல் ஊசியும் பாலியெஸ்டர் நூலும் போதும்.

ரெக்ஸின்

உரியத் தொடங்கிவிட்டதா? தைக்காதீர்கள்.

தேவையே இல்லாமல் தைப்பது

வித்தியாசம் இரண்டு, மூன்று செ.மீ.தான் என்றால் தடித்த காலுறை போதும். அல்லது குழலின் உச்சியில் பின்பக்கம், உட்புறமாக ஒரு சாண் நீள எலாஸ்டிக்கைச் சற்றே இழுத்துப் பிடித்து லைனிங்கில் மட்டும் தைத்துவிடலாம். பிடிக்காவிட்டால் பிரித்துவிடலாம், வெளித்தோலில் தடமே இருக்காது. மென்மையான தோலில் இது நன்றாக உட்காரும். விறைப்பான தோலில் உச்சி சுருங்காமல் உள்ளே மட்டும் புடைத்து நிற்கும். அதற்கு வெளியே ஒரு பக்கிள் வார் போடுவதே மேல்.