ஆலய அலுவலகத்துக்கு ஒரு சொந்தச் சர்வர்: நிறுவுவது முதல் மீட்டெடுப்பது வரை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் ஆலயக் கணக்கு பெரும்பாலும் ரசீதுப் புத்தகம், தடித்த பேரேடு, பொருளாளரின் மடிக்கணினியில் உள்ள எக்செல் கோப்பு என மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கிறது. தோட்டத்தை விட்டுக் கிள்ளானுக்கும் ஜொகூர் பாருவுக்கும் குடிபெயர்ந்த குடும்பங்கள், சென்ற ஆண்டுத் திருவிழாவுக்குத் தாங்கள் கொடுத்த உபயம் எவ்வளவு என்று வாட்ஸ்அப்பில் கேட்கும்போது மூன்றையும் புரட்ட வேண்டியிருக்கிறது. அலுவலகத்தில் பயன்படாமல் இருக்கும் ஒரு கணினியைச் சர்வராக மாற்றி, டெபியன் (இயங்குதளம்), அப்பாச்சி (வலைப்பக்கங்களை வழங்கும் சர்வர்), மரியாடிபி (தரவுத்தளம்), டோலிபார் (கணக்குச் செயலி) ஆகிய கட்டற்ற மென்பொருள்களைக் கொண்டு இந்தக் கணக்கை ஓரிடத்தில் சேர்ப்பது எப்படி என்பதே இந்த விளக்கம். டோலிபார் வணிக நிறுவனங்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட செயலி என்றாலும், உறுப்பினர், நன்கொடை ஆகியவற்றுக்கான தொகுதிகள் அதில் உண்டு. ஆலயத்துக்கு அவையே போதும். கட்டளைகளை இங்கே உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறேன். விசைப்பலகையில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள்.

முதற்படி: கணினியும் டெபியனும்

நான்கு ஜிபி நினைவகமும் ஒரு எஸ்எஸ்டி வட்டும் இருந்தால் இந்த வேலைக்குத் தாராளம். மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு யுபிஎஸ் வாங்குங்கள். பிற்பகல் இடிமழையில் மின்சாரம் போய்ப் போய் வருவது நம் பக்கத்தில் புதிதல்ல. மரியாடிபியின் இன்னோடிபி அமைப்பு திடீர் நிறுத்தத்திலிருந்து தானாகவே மீளக்கூடியது. வட்டுக்கும் மின்வழங்கிக்கும் அந்தத் திறன் கிடையாது. மின்னல் இணைய வடத்தின் வழியாகவும் உள்ளே வரும் என்பதால், ரவுட்டரையும் பாதுகாப்பான இணைப்பில் வையுங்கள்.

டெபியனின் நிலையான பதிப்பை நிறுவுங்கள். நீட்டித்த ஆதரவையும் சேர்த்தால் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ 5 ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். நிறுவும்போது ரூட் (தலைமை நிர்வாகி) கடவுச்சொல் கேட்கும் கட்டத்தை வெறுமையாக விட்டால், நீங்கள் உருவாக்கும் முதல் பயனருக்குச் சூடோ உரிமை, அதாவது நிர்வாகக் கட்டளைகளை இயக்கும் உரிமை, தானாகவே கிடைக்கும். மென்பொருள் தேர்வுப் பட்டியலில், வேறு கணினியிலிருந்து இதை இயக்க உதவும் எஸ்எஸ்எச் சர்வரை மட்டும் தேர்ந்தெடுங்கள், திரைமுகப்பு வேண்டாம். பிறகு ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இந்தக் கணினிக்கு ஒரு நிலையான ஐபி முகவரியை ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டாம் படி: நேர வலயம்

பல வழிகாட்டிகள் ஒரே வரியில் கடந்துபோகும் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். தீபகற்ப மலேசியாவின் நேரம் 1982 முதல் உலகப் பொது நேரமான யூடிசியைவிட 8 மணி நேரம் முன்னே இருக்கிறது. சர்வர் யூடிசியில் ஓடினால், காலைப் பூசைக்கு வந்தவர் 7 மணிக்குக் கொடுத்த நன்கொடை சர்வரின் பார்வையில் முந்தைய இரவு 11 மணிக்கு வந்ததாகிவிடும். மாதத்தின் முதல் நாளில் அப்படி நேர்ந்தால் அந்தத் தொகை சென்ற மாதக் கணக்கில் போய் உட்காரும். ரசீதுக்கும் அறிக்கைக்கும் இடையிலான வேறுபாட்டைக் கணக்காய்வாளர்தான் கண்டுபிடிப்பார். ஆகவே டைம்டேட்சிடிஎல் கட்டளையால் நேர வலயத்தை Asia/Kuala_Lumpur என்று, பெரிய எழுத்துகளும் அடிக்கோடும் இங்கே உள்ளபடியே இருக்க, அமையுங்கள். அது மட்டும் போதாது. டோலிபார் எழுதப்பட்டுள்ள மொழியான பிஎச்பி, இயங்குதளத்தின் நேரத்தைப் பார்ப்பதில்லை. தன் அமைப்புக் கோப்பில் உள்ள டேட்.டைம்ஸோன் என்ற வரியைத்தான் பார்க்கும், அது வெறுமையாக இருந்தால் யூடிசியை எடுத்துக்கொள்ளும். அடுத்த படியில் பிஎச்பியை நிறுவியதும் அந்த வரியிலும் அதே பெயரை எழுதி, அப்பாச்சியை மறுதொடக்கம் செய்யுங்கள்.

மூன்றாம் படி: தரவுத்தளம்

டெபியனில் மென்பொருள்களை நிறுவும் கட்டளையான ஏபிடி வழியாக அப்பாச்சி, மரியாடிபி சர்வர், பிஎச்பி ஆகியவற்றையும், பிஎச்பிக்கான மைஎஸ்க்யூஎல், ஜிடி, இன்டில், எம்பிஸ்ட்ரிங், எக்ஸ்எம்எல், ஜிப், கர்ல் நீட்சிகளையும் நிறுவுங்கள். மைஎஸ்க்யூஎல் நீட்சி எதற்கு என்று குழம்ப வேண்டாம்: 2009ஆம் ஆண்டில் மைக்கேல் விடேனியஸ் மைஎஸ்க்யூஎல்லிலிருந்து பிரித்து வளர்த்ததுதான் மரியாடிபி, அதே இணைப்பு நீட்சி இதற்கும் பொருந்தும்.

சூடோ மரியாடிபி என்று தட்டினால், கடவுச்சொல் கேட்காமலே நிர்வாகியாக உள்ளே போகலாம். அங்கே ஆலயம் என்ற பொருள்படும் ஆங்கில எழுத்துப் பெயரில் ஒரு தரவுத்தளத்தை உருவாக்கி, அதன் எழுத்துக் குறியீட்டுத் தொகுதியை யுடிஎஃப்8எம்பி4 என்று வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட் எடுக்கும். முனியாண்டி என்ற ஐந்தெழுத்துப் பெயரில் 10 குறியீடுகள், ஆக 30 பைட். லத்தீன்1 போன்ற பழைய தொகுதியில் இந்தப் பெயர் சேமிக்கப்பட்டால் வரிசையாகக் கேள்விக்குறிகளே மிஞ்சும், அவற்றிலிருந்து பெயரைத் திரும்பப் பெற வழியே கிடையாது.

அடுத்து டோலிபாருக்கென ஒரு பயனரை லோக்கல்ஹோஸ்டுக்கு (இதே கணினிக்கு) மட்டும் உருவாக்கி, அந்த ஒரு தரவுத்தளத்தின் மீது மட்டும் முழு உரிமை கொடுங்கள். எல்லாத் தரவுத்தளங்களுக்கும் உரிமை வழங்கும் கட்டளை இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கும். அதை நகலெடுக்க வேண்டாம்.

நான்காம் படி: டோலிபார்

பதிவிறக்கிய தொகுப்பில் எச்டிடாக்ஸ் என்ற அடைவை (ஃபோல்டரை) மட்டுமே அப்பாச்சி காட்ட வேண்டும்; ஆவணங்களுக்கான டாக்குமென்ட்ஸ் அடைவு அதற்கு வெளியே இருக்கட்டும். உலாவியில் நிறுவல் பக்கத்தைத் திறந்து, மேலே உருவாக்கிய தரவுத்தளப் பெயரையும் பயனரையும் கொடுங்கள். முடிந்தவுடன் டாக்குமென்ட்ஸ் அடைவில் இன்ஸ்டால்.லாக் என்ற வெற்றுப் பூட்டுக் கோப்பை உருவாக்குங்கள், டோலிபாரின் அமைப்புக் கோப்பான கான்ஃப்.பிஎச்பியை வாசிக்க மட்டும் என்று மாற்றுங்கள். பூட்டுக் கோப்பு இல்லையென்றால் நிறுவல் பக்கத்தை யார் வேண்டுமானாலும் மறுபடி ஓட்டலாம்.

உறுப்பினர் படிவத்தில் முதற்பெயர், குடும்பப்பெயர் என இரு கட்டங்கள் இருக்கும். நம்மிடம் குடும்பப்பெயர் என்பது இல்லை. ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) என்று தந்தை பெயர்தான் தொடர்கிறது. சொந்தப் பெயர் முதற்கட்டத்தில், தந்தை பெயர் இரண்டாம் கட்டத்தில் என்று முதல் நாளிலேயே ஒரு விதி வகுத்துவிடுங்கள். செயலாளர் ஒரு விதமாகவும் பொருளாளர் வேறு விதமாகவும் பதிந்தால் ஒரே ஆள் இரண்டு பேராகிவிடுவார். அடையாள அட்டை எண்ணைப் பதிவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் முதல் 6 இலக்கங்கள் பிறந்த தேதி. உபயக் கணக்குக்கு அது தேவையில்லை.

இந்தச் சர்வரை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். யுஎஃப்டபிள்யூ தீச்சுவரில் 22 (எஸ்எஸ்எச்), 80 (வலைப்பக்கம்) ஆகிய வாயில்களை (போர்ட்களை) அலுவலக வலையமைப்புக்கு மட்டும் அனுமதியுங்கள். மரியாடிபியின் 3306ஆம் வாயிலைத் திறக்கவே வேண்டாம். மண்டபத்துக்கு வரும் விருந்தினருக்கு வைஃபை கொடுப்பதென்றால் தனி வலையமைப்பில் கொடுங்கள்.

ஐந்தாம் படி: காப்பு நகலும் ஒத்திகையும்

உறுப்பினர் பட்டியலை ஏற்றத் தொடங்கும் முன் இந்தப் படியை முடித்துவிடுங்கள். மரியாடிபி-டம்ப் கட்டளையை சிங்கிள்-ட்ரான்சாக்ஷன் தெரிவுடன் ஓட்டினால், யாரும் வேலையை நிறுத்தாமலே ஒரே கணத்துக்குரிய சீரான நகல் கிடைக்கும். டேட்டாபேசஸ் என்ற தெரிவைச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் தரவுத்தளத்தின் பெயரே நகலுக்குள் எழுதப்பட்டுவிடும். நீங்கள் வேறு பெயரில் மீட்பதாக எண்ணிக்கொண்டிருக்க, அது நடப்பிலுள்ள தரவுத்தளத்தின் மேலேயே போய் எழுதும்.

இந்தக் கட்டளையை ரூட்டின் க்ரான்டாப்பில் (குறித்த நேரத்தில் தானாக ஓட வேண்டிய கட்டளைகளின் பட்டியலில்) தினமும் ஓடும்படி வையுங்கள். இரவு 2 மணி என்று எல்லாரும் எழுதுவார்கள். அலுவலகத்தைப் பூட்டும்போது கணினியையும் அணைப்பவர்கள் நண்பகலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நகலோடு டாக்குமென்ட்ஸ் அடைவையும் கான்ஃப்.பிஎச்பியையும் சேர்த்து ஒரு வெளிவட்டில் எழுதி, அந்த வட்டைச் செயலாளர் வீட்டுக்கு எடுத்துச் செல்லட்டும்.

இப்போது ஒத்திகை. வேறு பெயரில் வெற்றுத் தரவுத்தளம் ஒன்றை உருவாக்கி, நகலை அதற்குள் ஏற்றுங்கள். நன்கொடை அட்டவணையின் வரிசை எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா, கடைசி ரசீதின் தொகையும் பெயரும் பொருந்துகின்றனவா, தமிழ் எழுத்துகள் சிதையாமல் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கோப்பு உருவாகியிருக்கிறது என்பதை மட்டும் பார்த்து நிறைவடைய வேண்டாம். வட்டு நிரம்பியதால் பாதியில் நின்ற நகலும் கோப்பாகத்தான் தெரியும். முழுமையான நகலின் கடைசி வரியில் டம்ப் கம்ப்ளீட்டட் என்ற குறிப்பு இருக்கும். ஒத்திகைத் தரவுத்தளத்தை நீக்கும்போது பெயரை இருமுறை வாசித்துவிட்டு நீக்குங்கள்.

டெபியன் திருத்தங்களை வாரம் ஒருமுறை ஏபிடி அப்டேட், ஏபிடி அப்கிரேட் வழியாக ஏற்றலாம். டோலிபாரின் புதிய பதிப்பை ஏற்றுவது வேறு கதை: அன்றைய நகலை எடுத்து மேலே சொன்னபடி சரிபார்த்த பிறகு பூட்டுக் கோப்பை அகற்றி, எச்டிடாக்ஸை மாற்றி, நிறுவல் பக்கத்தில் மேம்படுத்தும் தெரிவை ஓட்டுங்கள். முடிந்ததும் பூட்டுக் கோப்பை மீண்டும் உருவாக்குங்கள். திருவிழாக் கொடியேற்றம் தொடங்கி உபயக் கணக்கு முடியும் வரை இந்த வேலையைத் தொட வேண்டாம்.