கரண்ட் வந்ததும் வி.பி.என். தானாக இயங்க: விண்டோஸ் கணினிக்கான செய்முறை

ஏப்ரல் மாதத்துப் பிற்பகல்களில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் இடி முழங்கினால் கரண்ட் போவது வழக்கம். திரும்பி வரும்போது கடை பூட்டியிருக்கும். அந்தக் கடையின் கணக்குக் கணினியைக் கொழும்பிலிருந்து வி.பி.என். (இணையத்தின் ஊடே போடும் பாதுகாப்பான தனிவழி இணைப்பு) வழியாகப் பார்க்கும் கடைக்காரரின் மகனுக்கு அன்றிரவு வேலை ஓடாது. கடவுச்சொல் போட்டு உள்நுழைய அங்கே ஆளில்லை. ஆகவே நமக்கு வேண்டியது, யாரும் உள்நுழையாமலேயே இயங்கும் இணைப்பு. பல செயலிகளில் உள்ள ‘ஸ்டார்ட்டப்’ தெரிவு, பயனர் உள்நுழைந்த பிறகுதான் வேலை செய்யும். அதை நம்பிக் கடையைப் பூட்டாதீர்கள்.

இதற்கு நான் சிபாரிசு செய்வது வயர்கார்ட் என்ற வி.பி.என். செயலி. இலவசம், விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஓடும். உங்கள் சேவையகமும், அதாவது இந்த இணைப்பை மறுமுனையில் ஏற்கும் கணினியும், வயர்கார்டாக இருக்க வேண்டும். அதன் நிர்வாகி தந்த அமைப்புக் கோப்பும் கையில் இருக்க வேண்டும்.

படி 1: வயர்கார்டின் சொந்தத் தளத்திலிருந்து செயலியை இறக்கி நிறுவுங்கள். ‘இம்போர்ட்’ பொத்தானை அழுத்தி அந்தக் கோப்பைத் தெரிவுசெய்யுங்கள்.

படி 2: ‘அக்டிவேட்’ அழுத்துங்கள். பச்சை நிறம் வந்தவுடன் எழுந்து போய்விட வேண்டாம். சேவையகம் பதில் தராவிட்டாலும் பச்சை எரியும். ‘லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக்’ (இரு முனைகளும் கடைசியாக ஒன்றையொன்று உறுதிசெய்துகொண்ட நேரம்) என்ற வரியில் சில வினாடிகளுக்கு முன் என்று காட்டினால்தான் இணைப்பு உண்மை. ‘பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ்’ என்ற வரியும் இருக்க வேண்டும், மதிப்பு 25, அதாவது 25 வினாடிக்கு ஒருமுறை சேவையகத்துக்குச் சிறு செய்தி போகும். அது இல்லாவிட்டால், ஆளில்லாத கணினி சேவையகத்தோடு தானாகப் பேசத் தொடங்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. வெளியிலிருந்து வருபவருக்கும் வழி திறக்காது. இல்லையென்றால் நிர்வாகியிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். சேவையக முகவரியையும் பெயராக இல்லாமல் எண்ணாகவே கேட்டு வாங்குங்கள். கரண்ட் வந்ததும் ரவுட்டர் கணினியை விடத் தாமதமாக எழும்பினால், பெயரைத் தேடும் இடத்திலேயே இணைப்பு தடுக்கிவிடலாம்.

படி 3: இனி ‘டீஅக்டிவேட்’ அழுத்தாதீர்கள். இயங்கும் நிலையில் விட்டால் வயர்கார்ட் தன்னை விண்டோஸ் சேவையாக (யாரும் உள்நுழையாமலேயே பின்னணியில் ஓடும் நிரலாக) பதிந்துகொள்ளும், கணினி தொடங்கும்போதே ஓடும். நிறுத்தினால் அந்தப் பதிவும் நீங்கிவிடும்.

படி 4: கரண்ட் வந்ததும் கணினியே எழும்ப வேண்டுமே! பயோஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கக்கூடிய கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) ‘ஏசி பவர் லாஸ்’ என்பதுபோன்ற தெரிவைத் தேடி ‘பவர் ஒன்’ ஆக்குங்கள். பெயர் மதர்போர்டுக்கு மதர்போர்டு சற்று மாறும்.

பழைய கணினி என்றால் மதர்போர்டில் உள்ள வட்டப் பற்றரியையும் பாருங்கள், பெரும்பாலும் சி.ஆர். 2032. அது செத்துப்போனால் கரண்ட் போகும்போதெல்லாம் திகதி பல வருடங்கள் பின்னே போய்விடும். வயர்கார்ட் ஒவ்வொரு ஹேண்ட்ஷேக்கிலும் நேர முத்திரை வைக்கிறது. முன்பு வந்ததை விடப் பழைய நேரம் வந்தால், யாரோ பழைய செய்தியைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று கருதிச் சேவையகம் நிராகரித்துவிடும். பச்சை எரிந்தும் இணைப்பு இல்லையென்றால் முதலில் திகதியைப் பாருங்கள்.

கடைசியாகப் பரிசோதனை. முதலில் ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். ‘ஷட் டவுன்’ போதாது, விண்டோஸின் விரைவுத் தொடக்க வசதியான ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருந்தால் அது முழுத் தொடக்கம் ஆகாது. கடவுச்சொல் கேட்கும் திரையைத் தொடாமல், கொழும்பில் இருப்பவரை இணைந்து பார்க்கச் சொல்லுங்கள். அது சரியென்றால் கணினியை முறையாக நிறுத்தி, சுவர் சுவிட்சையும் அணைத்து, சற்றுப் பொறுத்துப் போடுங்கள். ரவுட்டரையும் சேர்த்தே அணையுங்கள். உண்மையான மின்தடையில் இரண்டும் ஒன்றாகத்தான் போகின்றன.