ஐசிடி குறியீடுகளை ஜேசானில் எழுதும் முறை: மேற்கோள் குறியை விடாதீர்கள்

ஐசிடி என்பது உலக சுகாதார அமைப்பின் நோய்க் குறியீட்டுப் பட்டியல். தரவை உரையாக எழுதிப் பரிமாறும் ஜேசான் கோப்பு எப்படி இருக்கும் என்பது தெரிந்திருக்கும். நேராக வேலைக்கு வருவோம்.

1. குறியீட்டை மட்டும் தனியாக எழுதாதீர்கள். இரண்டாம் வகை நீரிழிவுக்கு ஐசிடி-10இல் இ11 (E11), ஐசிடி-11இல் 5ஏ11 (5A11). எந்தப் பட்டியல் என்பதும் கூடவே போக வேண்டும். மருத்துவத் தரவுப் பரிமாற்றத்துக்கான ஃபயர் (FHIR) தரநிலையில் இதற்கு சிஸ்டம், வெர்ஷன், கோட், டிஸ்ப்ளே என்று புலங்கள் தயாராக இருக்கின்றன (கோப்பில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில்). அதையே எடுத்துக்கொள்ளுங்கள், சொந்தமாகப் பெயர் வைத்தால் பின்னால் யாரோ ஒருவர் உட்கார்ந்து மாற்ற வேண்டியிருக்கும்.

2. கோட் புலத்தின் மதிப்பை எப்போதும் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். 5ஏ11-ஐ மேற்கோள் இல்லாமல் எழுதினால் பிழை என்று உடனே நின்றுவிடும், நல்லது. ஆனால் ஐசிடி-11இல் தீவிர வைரஸ் கல்லீரல் அழற்சிக்கான குறியீடு 1இ50. நடுவில் இருப்பது ஆங்கில E எழுத்து; எண்களில் அது பத்தின் அடுக்கைக் குறிக்கும். ஜேசானைப் பொறுத்தவரை அது ஒழுங்கான ஓர் எண்: ஒன்றுக்குப் பின்னால் ஐம்பது சுழியம்! பிழைச் செய்தியே வராது. நோயாளியின் பதிவில் நோய் இருந்த இடத்தில் ஒரு பிரம்மாண்டமான எண் உட்கார்ந்திருக்கும். நாள்பட்ட வகையான 1இ51-க்கும் இதே கதிதான்.

3. மூலத் தரவு சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) என்றால் எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள். அங்கே மேற்கோள் போட்டிருந்தாலும் எண்ணாக மாற்றிவிடும். தரவு இறக்குமதி வழியாகப் போய், அந்த நெடுவரிசையை ‘உரை’ என்று குறித்த பிறகு ஏற்றுங்கள். எனக்குப் பிடித்தது பைத்தான் மொழியின் பாண்டாஸ் நூலகம்தான். படிக்கும்போதே எல்லா நெடுவரிசையும் உரை என்று சொல்லிவிடலாம். சொல்லாமல் விட்டால் பிழை சோதனையில் தப்பித்துவிடும், அதுதான் ஆபத்து: 5ஏ11 போன்றவை கலந்திருக்கும்வரை நெடுவரிசை உரையாகவே இருக்கும். 1இ50, 1இ51 மட்டும் வடிகட்டிய கோப்பு வரும் நாளில் எல்லாம் எண்ணாகிவிடும்.

4. புள்ளியை எடுக்காதீர்கள். சில பட்டியல்களில் இ11.9 என்பது இ119 என்று வரும். ஃபயரில் புள்ளியோடுதான் எழுத வேண்டும்.

பின்சேர்க்கை: ஸ்னோமெட் (மருத்துவச் சொற்களுக்கான இன்னொரு பட்டியல்) குறியீடுகள் வெறும் இலக்கங்கள்தானே, எண்ணாகவே வைக்கலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். அவை 18 இலக்கம் வரை போகும். ஜாவாஸ்கிரிப்ட் சாதாரண எண்ணை 9007199254740991 வரைதான் பிசகாமல் வைத்திருக்கும்; அதற்கு மேல் கடைசி இலக்கங்கள் சத்தமில்லாமல் மாறும். அங்கேயும் மேற்கோள்தான்.